ஐம்பது அடிச் சுருளில் ஒரு டொர்னாடோ

1957 ஏப்ரல் 2 அன்று மாலை, அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்துக்குள் ஒரு டொர்னாடோ இறங்கியது. இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை சுழலும் காற்றுத்தூண் அது. 10 பேர் இறந்தார்கள். மழைத்திரை அதை மறைக்காததால் நகரத்தின் பல பகுதிகளிலிருந்து தெளிவாகத் தெரிந்தது. கையில் மூவி கேமரா இருந்தவர்கள் நின்ற இடத்திலிருந்தே படம்பிடித்தார்கள். வால்டர் ஹோக்கர் என்ற வானிலை ஆய்வாளர் அந்தச் சுருள்களைக் கொண்டு அதன் காற்றோட்டத்தைக் கணக்கிட்டு 1960இல் வெளியிட்டார். தரையிலிருந்து சுமார் 70 மீட்டர் உயரத்தில் காற்று மணிக்கு ஏறத்தாழ 270 கி.மீ. வேகத்தில் சுழன்றிருந்தது.

அந்தக் காற்றுக்குள் எந்தக் கருவியும் இருக்கவில்லை. படச்சுருள்தான் கருவி. படம் எடுத்தவர் நின்ற இடமும் டொர்னாடோ போன பாதையும் தெரிந்தால், இரண்டுக்கும் இடையிலான தூரம் கிடைக்கும். லென்ஸின் குவியத்தூரம் தெரிந்தால், படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது அங்கே எத்தனை மீட்டர் என்பதும் கிடைத்துவிடும். பிறகு பறக்கும் ஒரு பலகையையோ மேகத்துணுக்கையோ ஃபிரேம் ஃபிரேமாகப் பின்தொடர வேண்டியதுதான். வினாடிக்கு 16 ஃபிரேம் ஓடும் கேமராவில், அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களுக்குள் பலகை 5 மீட்டர் நகர்ந்திருந்தால் அதன் வேகம் வினாடிக்கு 80 மீட்டர். மணிக்கு 288 கி.மீ.

ஆனால் அந்தக் கால வீட்டுக் கேமராக்கள் பலவும் சாவி கொடுத்து ஓட்டுபவை. சுருள்வில் தளரத் தளர ஓட்டமும் குறையும். 16 என்று நினைத்தது உண்மையில் 14 ஆக இருந்தால், அதே பலகையின் வேகம் மணிக்கு 252 கி.மீ.தான். 1971இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிட்டா வகுத்த அளவுகோலில் முன்னது எஃப்3, பின்னது எஃப்2. ஒரு வில்லின் தளர்ச்சி டொர்னாடோவின் தரவரிசையையே மாற்றிவிடும். அசல் சுருள் வேண்டும் என்று ஆய்வாளர்கள் மன்றாடுவது இதனால்தான். தொலைக்காட்சிக்காக வீடியோவாக மாற்றிய நகலில் ஓட்டம் இன்னொரு வேகத்துக்கு இழுக்கப்பட்டிருக்கும், ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும். அதை ரசிக்கலாம், அளக்க முடியாது.

ஃபுஜிட்டாவின் அளவுகோலே சேதத்தைப் பார்த்துக் காற்றை ஊகிப்பது. வீடோ மரமோ இல்லாத வெட்டவெளியில் போன டொர்னாடோ எவ்வளவு கொடியதாக இருந்தாலும் அந்தக் கணக்கில் எளியதாகவே பதிவாகும். அப்படிப்பட்ட ஒன்றைத் தூரத்துப் பண்ணையிலிருந்து யாராவது படம் எடுத்திருந்தால், அதன் உண்மையான வலிமைக்கு அந்தச் சுருள் ஒன்றே சாட்சி.

டல்லாஸுக்குப் பின் மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1957 ஜூன் 20 அன்று வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரத்தை இன்னொரு டொர்னாடோ தாக்கியது. உள்ளூர்த் தொலைக்காட்சியின் வானிலையாளர் டூயி பெர்க்விஸ்ட் பொதுமக்களிடமிருந்து படங்களைச் சேகரிக்கத் துணைநின்றார். நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை நேரவாரியாக அடுக்கி, மேகத்தின் உடலமைப்பையே ஃபுஜிட்டா வரைந்தார். டொர்னாடோ பிறக்கும் இடத்தில் தாழ்ந்து தொங்கும் பகுதிக்கு ‘சுவர் மேகம்’ என்று அவர் வைத்த பெயரைத்தான் இன்றும் வானிலையாளர்கள் சொல்கிறார்கள். பெயர் தெரியாத எத்தனையோ பேர் வாசலில் நின்று எடுத்த படங்களிலிருந்து பிறந்த அறிவியல் அது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒஹையோவின் ஸீனியா நகரச் சுருள். 1974 ஏப்ரல் 3, ஒரே நாளுக்குள் 148 டொர்னாடோக்கள் தாக்கிய நாள். ஸீனியாவில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே டொர்னாடோ ஊரை நெருங்கிவந்ததை ஒரு பதின்பருவப் பையன் சூப்பர் 8 கேமராவில் பிடித்தான். அந்தக் கேமராவுக்கான 50 அடிச் சுருள் மொத்தமே 3 நிமிடம் 20 வினாடிதான் ஓடும். அதில் தெரிவது ஒற்றைத் தூண் அல்ல. ஒரு பெரிய சுழலுக்குள் சிறு சுழல்கள் தோன்றி, ஒன்றையொன்று சுற்றி, மறைந்து, மீண்டும் தோன்றுகின்றன. வயல்களில் பதிந்த வட்டத் தடங்களை விமானத்திலிருந்து பார்த்து, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஃபுஜிட்டா முன்பே சொல்லிவந்தார். இப்போது அது கண்முன் ஓடியது. ஒரு வீடு தரைமட்டமாகியிருக்க அடுத்த வீடு ஏன் கூரையோடு நிற்கிறது என்ற பழைய புதிருக்கும் இதில் விடை உண்டு. சிறு சுழல் ஒரு வீட்டின் மேல் போயிருக்கும், அடுத்ததைத் தொட்டிருக்காது.

இப்படி இன்னும் எத்தனை சுருள்கள் பரண்களில் கிடக்கின்றன? தாமஸ் கிராசுலிஸ் என்பவர் அமெரிக்க டொர்னாடோக்களின் வரலாற்றைப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்தார். 1990களில் பழைய படச்சுருள்களைத் தேடி வீடியோத் தொகுப்புகளாகவும் வெளியிட்டார். இந்தத் தேடலில் கிடைக்கும் சுருள்களில் தேதியும் ஊரும் எழுதியிருப்பது அபூர்வம். கோடாக் சுருளின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சிறு குறிகள் அச்சாகியிருக்கும். அவை தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறிகள் திரும்ப வரும். எந்த இருபது என்பதைத் தெருவில் நிற்கும் காரின் மாடல் சொல்ல வேண்டும். வட அரைக்கோளத்தில் டொர்னாடோக்கள் ஏறக்குறைய எல்லாமே கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. படத்தில் மாறிச் சுழன்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, சுருளை இடவலம் மாற்றி ஓட்டிவிட்டார்களோ என்பதைத்தான். கடைப் பெயர்ப்பலகை ஒன்று தெரிந்தால் அந்தச் சந்தேகம் தீரும்.

காலம் இன்னொரு பக்கம் தின்றுகொண்டிருக்கிறது. அசிட்டேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிப்பது அதனால்தான். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும், பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். சுருங்கிய சுருளின் துளைகள் பழைய புரொஜெக்டரின் பற்களுக்குப் பொருந்தாமல் கிழிந்துபோகும். ஆகவே கிடைத்த ஆர்வத்தில் ஓட்டிப் பார்க்கவே கூடாது. பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, அசலைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்த கோடாக்ரோம் சுருள்களின் வண்ணம் பல பத்தாண்டுகள் தாங்குகிறது. 1980களின் வீடியோ டேப்புகளின் நிலைமைதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. காந்தப் பூச்சு பலவீனமாகிறது என்பது ஒன்று. வீட்டு வீடியோ பிளேயரைக் கடைசிவரை தயாரித்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது என்பது இன்னொன்று.

சுருளைவிட முதலில் காப்பாற்ற வேண்டியது எடுத்தவரின் நினைவு. எங்கே நின்றார், எந்தத் திசையைப் பார்த்தார், நடுவில் எத்தனை முறை நிறுத்தினார் என்பவை எந்த ஃபிரேமிலும் இல்லை. ஸ்கேனர் அடுத்த மாதமும் கிடைக்கும்; அவர் கிடைப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

அந்த விவரங்கள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று, 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரெனோ ஊருக்கு அருகே வந்த டொர்னாடோ. 4.2 கி.மீ. அகலம், பதிவானவற்றிலேயே மிக அகலமானது. ஆன்டன் சைமன் என்ற ஆய்வாளரும் குழுவினரும், புயலைத் துரத்திப் போனவர்களின் வீடியோக்களைத் திரட்டினார்கள். எல்லா வீடியோக்களிலும் தெரியும் ஒரே மின்னல்வெட்டுகளை வைத்து நேரத்தைப் பொருத்தினார்கள். அந்தப் படங்களையும் ராடார் பதிவையும் ஆய்வாளர் ஜேனா ஹவுசர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ராடார் மேலே சுழற்சியைக் காண்பதற்குச் சில நிமிடம் முன்பே தரையில் டொர்னாடோ இருந்தது தெரியவந்தது. மேகத்திலிருந்து கீழே இறங்குகிறது என்ற நெடுநாள் நம்பிக்கை அதில் ஆட்டம் கண்டது.

மேகத்திலிருந்து இறங்கியதா, தரையிலேயே தொடங்கியதா என்ற இதே கேள்வியைப் பழைய டொர்னாடோக்களிடமும் கேட்க வேண்டுமானால், தூண் முழுதாய் உருவெடுக்கும் முன் எடுத்த நிமிடங்கள் தேவை. புழுதி லேசாகக் கிளம்புவது மட்டும் தெரியும் அந்தப் பகுதியைத்தான் செய்திக்கு நகலெடுப்பவர்கள் முதலில் வெட்டுவார்கள். அது இருந்தால் அசல் சுருளின் தொடக்கத்தில்தான் இருக்கும்.