கோதுமைக்கும் உண்டு அசோஸ்பைரில்லம்

டெக்சாஸின் பிளானோவிலிருந்து காரில் கொஞ்ச தூரம் வடக்கே போனால், புதுக் குடியிருப்புகளுக்கு நடுவே இன்னும் கோதுமை வயல்கள் மிஞ்சியிருக்கின்றன. அக்டோபர், நவம்பரில் விதைத்து, மே கடைசியிலோ ஜூனிலோ அறுப்பார்கள். அந்த மண் மழை பெய்தால் செருப்போடு வரும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கோவில்பட்டிக்காரர் பார்த்தால் "நம்ம கரிசல்தான்" என்பார். மண்ணியலும் இரண்டையும் 'வெர்டிசால்' என்று ஒரே வகையில்தான் சேர்க்கிறது.

இந்த மண்ணில் சுண்ணாம்பு அதிகம். உரமாகப் போடும் மணிச்சத்தில் பெரும்பங்கு சுண்ணாம்போடு பிணைந்து, வேருக்கு எட்டாமல் முடங்கிவிடும். பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் சுரக்கும் கரிம அமிலங்கள் அந்தப் பிணைப்பைக் கரைத்து, சத்தைப் பயிருக்கு விடுவிக்கின்றன.

தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதை அம்மோனியாவாக்க உரத் தொழிற்சாலைக்கு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும் கடும் அழுத்தமும் வேண்டும். இந்த பாக்டீரியாவோ நைட்ரஜனேஸ் என்ற நொதியைக் கொண்டு வயலின் வெப்பத்திலேயே அந்த வேலையைச் செய்கிறது. பயறு வகைகளில் ரைசோபியம் செய்வதுபோல் வேரில் முடிச்சுப் போடாது. வேரை ஒட்டி வாழும். ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியையும் சுரப்பதால் கிளைவேர்கள் பெருகி, நீரும் சத்தும் கூடுதலாகக் கிடைக்கும். பிரேசிலில் ஜோஹன்னா டோபரைனர் 1970களில் புல், தானியப் பயிர்களின் வேர்களில் இதை ஆராய்ந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அசோஸ்பைரில்லம் என்ற பெயர் 1978இல் வந்தது.

நம் ஊரில் நெல்லுக்குச் செய்யும் விதைநேர்த்திதான் கோதுமைக்கும். ஆறிய அரிசிக் கஞ்சியில் நுண்ணுயிர் உரப் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கி, விதையை அதில் புரட்ட வேண்டும். ஒவ்வொரு மணியிலும் கரிய பூச்சு ஒட்டியதும், நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். பூஞ்சாண மருந்து கலப்பதானால் அதை முதலில் முடித்துவிட வேண்டும், நுண்ணுயிர் கடைசியில்தான்.

அசோஸ்பைரில்லம் போட்டால் யூரியாவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோதுமைக்குத் தேவையான தழைச்சத்தில் ஒரு பகுதியைத்தான் இது தரும். பலன் மண்ணுக்கு மண் மாறும். ஆனாலும் அந்த ஒரு பகுதி செலவைக் குறைக்கும், மண்ணையும் காக்கும். பிளானோ வீட்டுக் கொல்லையில் நாலு வரிசை கோதுமை போட்டுப் பார்க்கிறவர்களுக்கும் இதே முறைதான். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். பொட்டலத்தை வெயில்படும் காரில் விட்டுவிடாதீர்கள். விதைக்கும் முன் மண்ணில் மட்கிய உரம் சேர்த்துவிடுங்கள். இந்த உயிர்களுக்கும் சாப்பாடு வேண்டும்.