விற்றமின் சி: ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை?

உலருணவுப் பொதியிலுள்ள அரிசி, கோதுமை மா, பருப்பில் விற்றமின் சி ஏறக்குறைய இல்லை. கொட்டகலையில் உங்கள் புதிய வீட்டுத்தோட்டம் காய்க்கும்வரை பழத்தைக் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் கூறும் நாளாந்த அளவு: வளர்ந்தோருக்கு 45 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 55, பாலூட்டும் தாய்மாருக்கு 70. ஒரு கொய்யாப்பழமே இதற்குப் போதும். காசு கொடுத்து மாத்திரை வாங்கத் தேவையில்லை. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும்.

பழத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். பருப்பிலும் கீரையிலுமுள்ள இரும்புச்சத்து உடலில் சேர அது உதவும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். அவற்றைத் தேத்தண்ணியுடன் அல்ல, தண்ணீருடன் விழுங்குங்கள்.