வறண்ட நிலத்துப் பறவைகள் கற்பிக்கும் நீர்ச்சிக்கனம்



பரந்தன் பாலைவனமன்று, இரணைமடுக் குளத்தை நம்பி நெல் விளையும் ஊர். ஆயினும், வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியதும், சிறுபோகத்திற்கு நீர் எட்டாத வயல்கள் வெடித்துவிடுகின்றன. கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கிவிடுகின்றது. நாம் நிழலைத் தேடி ஒதுங்கும் அந்த வெயிலில், வெட்டவெளியை விட்டு அகலாத ஒரு குடும்பம் உண்டு. அதுவே ஆட்காட்டிப் பறவையின் குடும்பம்.

ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடுகின்றது. முட்டையினுள் வளரும் கரு, குளிரைச் சிறிது நேரம் தாங்கும். கடும் வெப்பத்தையோ நெடுநேரம் தாங்காது. ஆதலால், உச்சிவெயிலில் தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைகளின் மேல் நின்று நிழல் கொடுக்கின்றன. அதுவும் போதாதபோது, அருகிலுள்ள நீர்நிலைக்குச் சென்று தம் வயிற்று இறகுகளை நனைத்துவந்து முட்டைகளின் மேல் அமர்கின்றன. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் முட்டைகள் குளிர்கின்றன. மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

உண்மையான பாலைவனத்தில் இதனினும் வியப்பானதைக் காணலாம். கல்கௌதாரி என்னும் பறவையின் ஆண், தொலைவிலுள்ள நீர்நிலைக்குப் பறந்து சென்று, தன் வயிற்று இறகுகளில் சுமார் 25 மில்லிலீற்றர் நீரை ஏந்தித் திரும்புகின்றது. குஞ்சுகள் அவ்விறகுகளை அலகால் உருவி நீரருந்துகின்றன. 1896ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஒருவர் இதனை எழுதியபோது பலர் நம்பவில்லை. 1967இல் கலகாரிப் பாலைவனத்தில் செய்யப்பட்ட ஆய்வு வெளியான பின்னரே ஐயம் தீர்ந்தது.

பறவையின் உடலமைப்பும் வறட்சிக்கு ஏற்றதாகவே அமைந்துள்ளது. மனிதன் உடற்கழிவைச் சிறுநீராக வெளியேற்ற நிறைய நீரைச் செலவிடுகின்றான். பறவையோ அதனை யூரிக் அமிலமாக மாற்றி, வெண்ணிறப் பசையாக வெளியேற்றி, நீரை மிச்சப்படுத்துகின்றது. பறவைக்கு வியர்வைச் சுரப்பிகளும் இல்லை. அதன் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 40 முதல் 42 பாகை செல்சியஸ். கடும் வெயிலில் அவ்வெப்பம் இன்னும் சிறிது உயர இடங்கொடுத்து, நீர் இழப்பைத் தள்ளிப்போடுகின்றது. தாங்க இயலாத நிலையில் மட்டுமே அலகைத் திறந்து மூச்சிரைத்துக் குளிர்கின்றது.

காலத்தைத் தெரிவு செய்வதும் ஓர் உபாயமே. அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் வாழும் வரிச்சிட்டு, நாட்காட்டியைப் பார்த்து இனப்பெருக்கம் செய்வதில்லை. மழை பெய்து புல்விதைகள் விளையும்போது, குஞ்சுகளுக்கு உணவு உண்டு என்ற நிலையிலேயே கூடு கட்டுகின்றது.

இவற்றினின்று நாம் பெறும் பாடம் யாது? வறட்சியை வெல்லும் பறவை, அதிக நீர் கிடைத்ததால் வெல்வதில்லை. கிடைத்த நீரை விரயமாக்காமையால் வெல்கின்றது. பறவைகளை நோக்கிச் சிந்திக்குமாறு அல்குர்ஆன் நம்மை அழைக்கின்றது. அவற்றை நோக்கிய பின்னரும், வுழூச் செய்யும்போது குழாயைத் திறந்துவிட்டு உரையாடிக் கொண்டிருத்தல் நமக்குத் தகுமா?

இளைஞர்களே! தரையில் ஆட்காட்டியின் முட்டைகளைக் கண்டால் உடனே விலகிச் செல்லுங்கள். நீங்கள் அங்கு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. கவணைக் கீழே வையுங்கள். முற்றத்து நிழலில் ஆழமற்ற சட்டியில் நீர் வைத்து, நாள்தோறும் மாற்றுங்கள்.

பெற்றோர்களே! முட்டையைக் காப்பதில் ஆட்காட்டியின் தாயும் தந்தையும் பங்கு கொள்கின்றன. குஞ்சுகளுக்கு நீர் சுமப்பது கல்கௌதாரியின் தந்தை. பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை மட்டுமே என்று ஒதுங்கியிருக்கும் தந்தையர் இதனைச் சிந்திப்பார்களாக!