12 வோல்ட்டில் அர்டுயினோ ஏன் சுடுகிறது?

அர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டுக்கு 7 முதல் 12 வோல்ட் வரை கொடுக்கலாம். பிறகு ஏன் சுடுகிறது? அதிலுள்ள ரெகுலேட்டர் 5 வோல்ட்டை மட்டும் விட்டு, மிச்சம் 7 வோல்ட்டையும் வெப்பமாக்கிவிடுகிறது. ரிலே, சென்சார் என்று 200 மில்லிஆம்பியர் இழுத்தால் 7 × 0.2 = 1.4 வாட். நகத்தளவுச் சில்லுக்கு அது மிக அதிகம். விரல் வைக்க முடியாது.

எல்எம்2596 பக் கன்வர்ட்டர் இப்படி வீணாக்குவதில்லை. நொடிக்குச் சுமார் 1,50,000 முறை மின்சாரத்தைத் திறந்து மூடி, கம்பிச்சுருளில் சேமித்து, 5 வோல்ட்டாகத் தருகிறது. நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஆனால் போர்டின் 5வி பின்னில் இணைக்கும் முன்பே மல்டிமீட்டரை வைத்து, கன்வர்ட்டரின் சின்னத் திருகைத் திருப்பி, சரியாக 5 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பின்னுக்கு ரெகுலேட்டரின் காவல் இல்லை. மைக்ரோகன்ட்ரோலரின் உச்சவரம்பு 6 வோல்ட்தான்.