நிறுவன வலையமைப்பில் ஒற்றை உள்நுழைவு

ஒற்றை உள்நுழைவு என்பது, பயனர் ஒருவர் நாளின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, அதன்பின் நிறுவனத்தின் பல செயலிகளையும் மறுபடி கடவுச்சொல் கேட்கப்படாமல் பயன்படுத்தும் முறை ஆகும். விடுப்பு விண்ணப்பம், சம்பளப் பட்டியல், பழுதுப் பதிவு என ஒவ்வொன்றும் தனி வலைச் செயலியாக உள்ள அலுவலகங்களில் இது தேவைப்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பரனூரை ஒட்டிய மகிந்திரா உலக நகரம், சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் விரைவில் சந்திக்கக்கூடிய சொல் இது. அலுவலகத்தின் உள்வலையில் இயங்கும் ஒரு வலைச் செயலியில் இவ்வசதியைச் சேர்ப்பது எப்படி, எங்கே இடறும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை

ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு கடவுச்சொல் பட்டியலை வைத்துக்கொண்டால், பயனர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பார். இல்லையேல் எங்காவது எழுதி வைப்பார். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் அலுவலக அறை நாட்காட்டியின் பின்பக்கம் ஐந்து இணையதளங்களின் கடவுச்சொற்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அதைக் குறை சொல்ல முடியாது. வேறு வழி யாரும் சொல்லித்தரவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, வேலையை விட்டுப் போகிறவரால் வருவது. பத்துச் செயலிகளில் பத்துக் கணக்குகள் இருந்தால் பத்தையும் மூடவேண்டும். ஒன்றை மறந்தாலும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். ஒற்றை உள்நுழைவில் மையக் கணக்கை மூடினால், புதிதாக எந்தச் செயலிக்குள்ளும் அவரால் நுழைய முடியாது.

மாமல்லபுரத்துச் சீட்டு

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கு வாங்கிய தொல்லியல் துறை நுழைவுச் சீட்டை அன்றைய தினமே ஐந்து ரதத்திலும் காட்டலாம். ரதங்களின் வாயிலில் இருப்பவர் மறுபடி பணம் கேட்பதில்லை. கடற்கரைக் கோயில் சாளரத்துக்குத் தொலைபேசியில் பேசி விசாரிப்பதும் இல்லை. சீட்டு உண்மையானதா, தேதி இன்றையதா என்று மட்டும் பார்க்கிறார். உள்வலையில் பெரிதும் பயன்படும் கெர்பரோஸ் என்ற நெறிமுறையும் இப்படித்தான் வேலை செய்கிறது.

கெர்பரோஸ், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் உருவானது. நீடாம், ஷ்ரோடர் ஆகிய இருவர் 1978-இல் வெளியிட்ட நெறிமுறை அதற்கு அடிப்படை. பாதாள உலக வாயிலைக் காக்கும் கிரேக்கப் புராணத்து மூன்று தலை நாயின் பெயர் அது. இன்று வழக்கிலுள்ள ஐந்தாம் பதிப்பு 1993-இல் வெளியானது. விண்டோஸ் 2000 தன் ஆக்டிவ் டைரக்டரியில் இதை ஏற்றுக்கொண்டதால் அலுவலகங்களெங்கும் பரவியது.

பயனர் காலையில் கணினியில் நுழையும்போது, கடவுச்சொல்லிலிருந்து ஒரு மறைச்சாவி உருவாகிறது. அந்தச் சாவியால் அப்போதைய நேரத்தைக் குறியாக்கம் செய்து கணினி மைய வழங்கிக்கு அனுப்புகிறது. கடவுச்சொல் கம்பியில் பயணிப்பதே இல்லை. மைய வழங்கி அதைச் சரிபார்த்து ஒரு முதல் சீட்டைத் தருகிறது. ஆக்டிவ் டைரக்டரியில் அதன் வழக்கமான ஆயுள் 10 மணி நேரம், ஏறக்குறைய ஒரு வேலைநாள். பிறகு எந்தச் செயலிக்குப் போனாலும், முதல் சீட்டைக் காட்டி அந்தச் செயலிக்கான தனிச்சீட்டைக் கணினியே பெற்றுக்கொள்கிறது.

நுழைவுச் சீட்டு உவமை ஓரிடத்தில் பொருந்தாது. கோயில் சீட்டை எடுத்தவர் எவரும் பயன்படுத்திவிடலாம். கெர்பரோஸில் சீட்டோடு, அந்த அமர்வுக்குரிய இரகசியச் சாவியால் பூட்டிய நேரக்குறிப்பையும் காட்டவேண்டும். ஆகவே வழியில் சீட்டை மட்டும் திருடியவருக்குப் பயனில்லை.

வலை வழங்கியில் சேர்த்தல்

உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது வழங்கி 401 என்ற விடையுடன் "நெகோஷியேட்" என்ற சொல்லை அனுப்புகிறது. உலாவி தனிச்சீட்டைப் பெற்று அடுத்த கோரிக்கையின் தலைப்பில் வைத்து அனுப்புகிறது. இம்முறையை 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4559 விவரிக்கிறது.

வழங்கியின் பக்கம் செய்யவேண்டியவை அதிகம் இல்லை. முதலில் மைய வழங்கியில் செயலிக்கென ஒரு சேவைக் கணக்கு வேண்டும். அதற்குச் சேவைப் பெயர் ஒன்று பதியப்பட வேண்டும். எச்டிடிபி என்ற முன்னொட்டையும் வழங்கியின் முழுப் பெயரையும் சாய்கோட்டால் இணைத்தது அது. பின்னர் அக்கணக்கின் சாவியைக் கீடேப் எனப்படும் சிறு கோப்பாக எடுத்து வலை வழங்கியில் வைக்கவேண்டும். அப்பாச்சி போன்ற வழங்கியில் அதற்கான கூறு அந்தச் சாவியால் சீட்டைத் திறந்து, பயனர் பெயரை உள்ளே இருக்கும் செயலிக்குக் கொடுக்கும். செயலி எழுதியவர் கடவுச்சொல்லைத் தொடவே வேண்டாம். இம்முறையின் சிறந்த பயன் இதுவே என்பேன். செயலியில் இல்லாத கடவுச்சொல்லை அதிலிருந்து யாரும் திருட முடியாது.

கீடேப் கோப்பு, கடவுச்சொல்லுக்குச் சமம். வலை வழங்கி இயங்கும் கணக்கு மட்டுமே அதைப் படிக்கும்படி அனுமதி அமைக்கவேண்டும். சேவைக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் புதுக் கீடேப் எடுக்கவேண்டும்; பழையது செல்லாது.

இடறும் இடங்கள்

நேரம் முதலாவது. கணினிகளுக்கிடையே 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் சீட்டு ஏற்கப்படாது. புதிதாக நிறுவிய வழங்கி உலகப் பொது நேரத்தில் இருக்கும். கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கியதுபோல் தெரியும். நேர மண்டலத்தை மாற்றாமல் முள்ளைக் கையால் திருப்புவதுபோல் நேரத்தைத் திருத்தினால் எல்லா நுழைவும் நின்றுவிடும்.

அடுத்தது பெயர். பயனர் வழங்கியின் பெயருக்குப் பதில் எண் முகவரியைத் தட்டினால் பொதுவாகக் கெர்பரோஸ் செயல்படாது. ஒரே சேவைப் பெயர் இரு கணக்குகளில் பதிவாகியிருந்தாலும் தோல்விதான். உலாவிக்கும் இந்தத் தளம் நம்பத்தக்கது என்று அமைப்பில் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சீட்டைக் காட்டாமல் கடவுச்சொல் பெட்டியைத் திறக்கும்.

வினோதமான ஒன்று: எல்லோருக்கும் திறக்கும் பக்கம், நீண்ட நாள் பணியாற்றும் மேலாளருக்கு மட்டும் 400 பிழை தரும். அவர் பல குழுக்களில் உறுப்பினர். குழு விவரமெல்லாம் சீட்டுக்குள் அடங்குவதால் சீட்டு பருத்துவிடுகிறது. அப்பாச்சி ஒரு தலைப்பு வரிக்கு வழக்கமாக 8190 பைட்டு மட்டுமே ஏற்கும். அந்த வரம்பைக் கூட்டினால் சரியாகும்.

மிகவும் கவலைக்குரிய தவறு வேறு. முன்வழங்கி சீட்டைச் சோதித்து, பயனர் பெயரை ஒரு தலைப்பு வரியில் எழுதிப் பின்னாலுள்ள செயலிக்கு அனுப்பும் அமைப்பு பல இடங்களில் உண்டு. பின்செயலியை உள்வலையில் எவரும் நேரடியாகத் தொட முடிந்தால், தலைப்பில் மேலாளர் பெயரைத் தாமே எழுதி அனுப்பி மேலாளராகிவிடலாம். பின்செயலி முன்வழங்கியிடமிருந்து மட்டுமே கோரிக்கை ஏற்கும்படி அடைக்கவேண்டும். வெளியிலிருந்து வரும் அத்தலைப்பை முன்வழங்கி அழித்துவிடவேண்டும்.

அடையாளம் வேறு, அனுமதி வேறு என்பதும் நினைவில் இருக்கவேண்டும். வந்தவர் யார் என்பதைத்தான் சீட்டு சொல்கிறது. சம்பளப் பட்டியலை அவர் பார்க்கலாமா என்பதைச் செயலியே முடிவு செய்யவேண்டும்.

உள்வலைக்கு வெளியே

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு மைய வழங்கி பொதுவாக எட்டாது. அங்கே 2005-இல் வந்த சாம்ல் 2.0, 2014-இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் ஆகியவை பயன்படுகின்றன. இவற்றில் உலாவி அடையாளம் வழங்கும் தளத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, கையொப்பமிட்ட சான்றோடு திரும்பி வருகிறது. இந்திய அரசு ஊழியர்களுக்கான பரிச்சய், குடிமக்களுக்காக 2022-இல் வந்த மேரி பெஹ்சான் ஆகியவையும் ஒற்றை உள்நுழைவு வகையைச் சேர்ந்தவையே.

எந்த முறையாயினும், ஏற்கெனவே கொடுத்த சீட்டு உடனே செல்லாததாகிவிடாது. காலை 11 மணிக்குக் கணக்கை மூடினாலும், 9 மணிக்கு வாங்கிய செயலிச் சீட்டு மாலைவரை ஏற்கப்படலாம். எனவே சம்பளம், மருத்துவம் போன்ற செயலிகளில் அமர்வு நேரத்தைக் குறைத்து, கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று மையத்திடம் இடையிடையே கேட்கும்படி அமைக்கின்றனர்.