டெக்சாசின் பத்து விழுக்காட்டுச் சட்டம்: வகுப்புத் தரவரிசையும் கல்லூரிச் சேர்க்கையும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு மாணவர் தம் வகுப்பினரிடையே பெறும் இடம் வகுப்புத் தரவரிசை எனப்படும். கல்லூரிச் சேர்க்கைக்குரிய அளவுகோல்களுள் ஒன்றாக இருந்த இது, டெக்சாசு மாநிலத்தில் சட்டவழி உரிமையாயிற்று.

1996ஆம் ஆண்டு ஹாப்வுட் வழக்கில், சேர்க்கையின்போது இனத்தைக் கருத்திற்கொள்ளலாகாது என ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் சிறுபான்மை மாணவர் எண்ணிக்கை குறையும் எனக் கருதிய சட்டமன்றம், 1997இல் மாற்றுவழி கண்டது. பள்ளியின் முதல் 10 விழுக்காட்டினருள் இடம்பெறுவோர்க்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கை உறுதியாக்கப்பட்டது.

தரவரிசை பள்ளிக்குள் மட்டுமே ஒப்பிடுகிறது, பள்ளிகளுக்கிடையே ஒப்பிடுவதில்லை. எனவே, வளமிக்க புறநகர்ப் பள்ளியின் முதல் மாணவரும் வறிய எல்லையோரப் பள்ளியின் முதல் மாணவரும் ஒரே தகுதியைப் பெறுகின்றனர். இதுவே இச்சட்டத்தின் வலிமை. அதன் முரணும் இங்கேயே தோன்றுகிறது. இனத்தைப் பெயர் சுட்டாத இச்சட்டம், இனவாரியாகப் பிரிந்து கிடக்கும் பள்ளிகளைச் சார்ந்தே பன்மையை விளைவிக்கிறது. பள்ளிகளில் அப்பிரிவினை நீங்குமாயின் இச்சட்டத்தின் பயன் குன்றும்.

ஆஸ்டின் வளாகத்தில் இவ்வழிச் சேர்க்கை மிகுந்தமையால், 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வளாகத்திற்கு மட்டும் உச்சவரம்பு விதித்தது. மாநில மாணவர்க்குரிய முதலாண்டு இடங்களுள் 75 விழுக்காட்டை இவ்வழியில் நிரப்பினாற் போதும் என்பது அவ்வரம்பு. அதன்பின் அங்குத் தகுதி எல்லை 10 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது.

தரவரிசை வாயிலைத் திறக்கிறது. பள்ளிகளுக்கிடையேயான கற்பித்தல் ஏற்றத்தாழ்வை அது களைவதில்லை. ஆதலின், சேர்க்கை விதியைப் பள்ளிக் கட்டமைப்பிலிருந்து பிரித்து மதிப்பிடுதல் முழுமையாகாது.