போர்ஷே 911-க்கு மாற்று டயர்: எதைப் பார்த்து வாங்குவது?

போர்ஷே 911 வைத்திருப்பவர்களிடம் டயர் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான் வரும்: "முன் டயர் புதுசு மாதிரி இருக்கு, பின் டயர் மொட்டையாயிடுச்சு." காரில் கோளாறு எதுவும் இல்லை. அதன் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின் சக்கரங்களின் தலையில்தான். காரை உந்தித் தள்ளும் வேலையும் அவற்றுடையதே. ஆகவே முன் ஜோடி ஒன்று தேய்வதற்குள் பின் ஜோடி இரண்டு போய்விடுவது சாதாரணம்.

அதனால் 911 சொந்தக்காரர் டயர் கடைக்குப் போவது பெரும்பாலும் இரண்டு டயருக்காகத்தான், நான்குக்காக அல்ல. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. புதிதாக வரும் இரண்டு, ஏற்கெனவே இருக்கும் இரண்டோடு ஒத்துப்போக வேண்டும். "எது நல்ல டயர்?" என்று கேட்டுக்கொண்டு போனால் தவறான இடத்தில் போய் நிற்போம். "என் காரில் இப்போது இருப்பதோடு எது சேரும்?" என்பதுதான் முதல் கேள்வி.

2018 இறுதியில் வெளிவந்த 992 தலைமுறை கரேரா எஸ் காரை எடுத்துக்கொள்வோம். முன்னால் 245/35 இஸட்ஆர் 20, பின்னால் 305/30 இஸட்ஆர் 21. பின் டயரின் கணக்கு இது: அகலம் 305 மி.மீ. அதில் 30 சதவீதம், அதாவது 91.5 மி.மீ., பக்கச் சுவரின் உயரம். ரிம்மின் விட்டம் 21 அங்குலம். முன்னும் பின்னும் அகலம் மட்டுமல்ல, ரிம்மும் வேறு. மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட ஏறக்குறைய 37 மி.மீ. பெரியது. 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட முதல் 911 நான்கு சக்கரத்திலும் ஒரே அளவில், 165 மி.மீ. அகல டயரோடு ஓடிய கார். அதில் டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யலாம். இன்றைய காரில் அதற்கு வழியே இல்லை. ஸ்டெப்னியும் கிடையாது. பஞ்சர் ஒட்டும் திரவமும் சின்ன கம்ப்ரஸரும்தான்.

அளவுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். பின் டயரில் அது (104ஒய்). 104 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 900 கிலோ தாங்கும் என்று பொருள். முன் டயரில் 91 என்றிருந்தால் 615 கிலோ. ஒய் என்பது மணிக்கு 300 கி.மீ. வரை என்ற வேகக் குறியீடு. அடைப்புக்குறி ஏதோ அச்சு அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். 300-க்கு மேலும் தாங்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். கரேரா எஸ்-இன் உச்ச வேகம் மணிக்கு 308 கி.மீ. என்பதால் அந்த அடைப்புக்குறி இல்லாமல் ஆகாது.

"நம்ம ரோட்டில் யார் சார் 300 போகப் போறாங்க?" என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் வேகக் குறியீடு சொல்வது வேகத்தை மட்டுமல்ல. அந்த வேகத்தில் உண்டாகும் சூட்டை டயரின் உள்கூடு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும்தான். சித்திரை வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும் ஊரில் அந்த உபரித் தாங்குதிறன் வீண் போகாது. சுமைக் குறியீட்டிலோ பேரமே கூடாது. பின் டயரில் 104 வருவதற்குக் காரணம் அது எக்ஸ்எல் எனப்படும் கூடுதல் சுமை வகை என்பதுதான். அதே அளவில் எக்ஸ்எல் இல்லாத டயர் என்றால் எண் குறையும். காரின் கையேட்டில் உள்ள எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

இதற்கெல்லாம் பிறகு பார்க்க வேண்டியது பக்கச் சுவரில் தனியாக அச்சடித்த சின்ன எழுத்து: என் 0, என் 1, என்ஏ 0, என்பி 0 என்று ஏதாவது ஒன்று. போர்ஷே தானே சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்பதற்கான முத்திரை இது. பி.எம்.டபிள்யூ. ஒரு நட்சத்திரத்தையும், மெர்சிடிஸ் எம்ஓ என்பதையும், ஆடி ஏஓ என்பதையும் போடுகின்றன. முதல் ஒப்புதல் பெற்றது என் 0. அதையே திருத்தி மீண்டும் ஒப்புதல் வாங்கினால் என் 1. என்ஏ, என்பி என்று எழுத்து கூடிய முத்திரைகளும் உண்டு.

இது வெறும் விளம்பரம்தானே, காசு பிடுங்கும் வேலைதானே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. முத்திரை உள்ள டயர் கூடுதல் விலைக்குத்தான் வருகிறது. ஆனால் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் என்ற ஒரே பெயரில் கடையில் இருக்கும் சாதா டயரும், என் முத்திரை உள்ள டயரும் உள்ளே ஒன்றல்ல. ரப்பர் கலவை, உள்கூட்டின் விறைப்பு என்று காருக்கேற்ப மாற்றம் செய்திருப்பார்கள். காரணம் மறுபடியும் அந்தப் பின்பக்க என்ஜின்தான். வளைவில் பின்பக்கம் வழுக்க ஆரம்பித்தால் அந்த எடை காரைச் சுழற்றப் பார்க்கும். முன்புறம் லேசு என்பதால், முன் டயரின் பிடி அளவுக்கு மீறினாலும் ஆபத்து, பின் டயரின் பிடி குறைந்தாலும் ஆபத்து. 1960-களின் நடுவில் இந்தக் குணத்தை அடக்க போர்ஷே முன் பம்பரின் இரு மூலைகளிலும் வார்ப்பிரும்புக் கட்டியை வைத்து அனுப்பியது. இன்று அந்த வேலையின் பெரும் பகுதியை டயரும் மின்னணுவும் பார்த்துக்கொள்கின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே உள்ள பிடியின் விகிதம்தான் இந்தக் காரின் நடத்தை. முத்திரைக்குத் தரும் காசு அந்த விகிதத்துக்குத்தான்.

ஆகவே கலப்படம் கூடாது. முன்னால் பிரெல்லி, பின்னால் மிஷெலின் என்பது கண்டிப்பாக வேண்டாம். ஒரே கம்பெனியிலும் முன்னால் என் 0, பின்னால் என் 1 என்று போடுவதை போர்ஷே ஏற்பதில்லை. முன்னால் இருக்கும் டயரின் பெயரையும் முத்திரை எண்ணையும் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே எண்ணில் பின் ஜோடி கிடைத்தால் வாங்கலாம். அந்த எண்ணின் உற்பத்தியே நின்றுவிட்டது என்றால் முன் ஜோடியில் பாதிப் பட்டன் மிச்சம் இருந்தாலும் நான்கையும் மாற்றுவதே சரி. வயிறு எரியும்தான். இந்தக் காரின் பராமரிப்புச் செலவில் அது சேர்ந்தே வருகிறது.

கரேரா 4 போல நான்கு சக்கரமும் இயங்கும் கார் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. புது டயரின் பட்டன் ஆழம் சுமார் 7.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தேய்ந்து 2 மி.மீ. ஆகும்போது டயரின் விட்டம் 11 மி.மீ. குறைகிறது. பின் டயரின் மொத்த விட்டம் 716 மி.மீ. என்றால் ஒன்றரை சதவீத வித்தியாசம். அந்த அளவுக்கு முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு கணக்கில் சுழலும். இரண்டுக்கும் நடுவே நின்று சமாளிப்பது கிளட்ச். நிசான் ஜிடி-ஆர் போன்ற கார்களுக்கும் இதே கதைதான். இத்தகைய காரில் ஒரே ஒரு டயரை மட்டும் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஓர் அச்சுக்கு ஒரு ஜோடி என்பதுதான் குறைந்தபட்சம்.

இனி, எந்த வகை? ரேஸ் டிராக்கில் ஓடுபவர்கள் சிபாரிசு செய்வது மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்ற டயரை. 911 ஜிடி3 தொழிற்சாலையிலிருந்து வருவதே அதில்தான். அமெரிக்காவில் டயர்மேல் கட்டாயமாகப் போடவேண்டிய தேய்மான எண்ணைப் பார்த்தால் விஷயம் புரியும். சாதா பைலட் ஸ்போர்ட் 4எஸ்-க்கு 300, கப் 2-க்கு 180. எண் குறையக் குறைய டயர் சீக்கிரம் தேயும். ரப்பர் மிருதுவாக இருப்பதால் காய்ந்த சாலையில் பசை போட்டது போல ஒட்டும். ஆனால் இந்த எண்ணைப் போடுவது அந்தந்தக் கம்பெனியே என்பதால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது உதவும். பிரெல்லியின் எண்ணையும் மிஷெலினின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு.

கப் 2-இல் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் குறைவு. தேங்கிய நீரில் 305 மி.மீ. அகல டயர் ஏற்கெனவே மிதக்கப் பார்க்கும். வாய்க்காலும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். 992-இல் போர்ஷே ஒரு காரியம் செய்திருக்கிறது. முன் சக்கரக் குழிக்குள் ஒலி உணரிகளை வைத்து, தண்ணீர் தெறிக்கும் சத்தத்தைக் கேட்டுச் சாலை ஈரம் என்று கண்டுகொண்டு, வெட் மோடுக்கு மாறும்படி ஓட்டுநருக்குச் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டன் இல்லாத டயருக்கு அது பிடியைக் கொண்டுவந்து தராது. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர் கப் 2 போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு அடிக்கடி போகிறவர் என்றால் தனி ரிம்மில் ஒரு செட் வைத்துக்கொள்ளட்டும். ஐரோப்பாவில் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. மழைக்காலத்துக்கு முன் அளந்து 3 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடுவது என் பழக்கம்.

போர்ஷேயின் சொந்த ஊரான ஸ்டுட்கார்ட்டில் இருப்பவர்களின் ஒரு தலைவலி நமக்கு இல்லை. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைக்கும். அதனால் அங்கே பலர் குளிர்காலத்துக்குத் தனி செட் மாற்றுகிறார்கள். நமக்கு வருடம் முழுக்கக் கோடை டயரே போதும். நம் தலைவலி வேறு: வயது. 911 இங்கே ஞாயிற்றுக்கிழமை கார். வருடத்துக்குச் சில ஆயிரம் கி.மீ. ஓடும், மற்ற நாளெல்லாம் நிற்கும். பட்டன் அப்படியே இருக்கும், ரப்பரோ உள்ளுக்குள் காய்ந்துகொண்டே போகும். ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட டயரைப் பயன்படுத்த வேண்டாம் என்று போர்ஷே எச்சரிக்கிறது. நம் வெயிலில் அதற்கு முன்னதாகவே பக்கச் சுவரில் முடியளவு வெடிப்புகளைத் தேடத் தொடங்குவது நல்லது.

வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். காணவில்லை என்றால் புரட்டிப் பாருங்கள். கடையில் "புது டயர்தான் சார்" என்று சொன்னாலும் இதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஓடாத டயர் வேறு, புது டயர் வேறு. இந்தியாவில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை. 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும் என்பதால் 21 அங்குல டயர்களுக்குக் காத்திருக்க நேரிடுகிறது. காத்திருப்பு நீளும்போது, கிடங்கில் கிடந்த நாலு வருஷ ஜோடி ஒன்று எங்கிருந்தோ வந்து சேரும். பட்டன் தேய்ந்து முடியும்வரை பொறுக்காமல், பாதி தேயும்போதே ஆர்டர் சொல்லிவைத்துவிடுங்கள்.

இன்னொன்று, நம் வேகத்தடைகளும் குழிகளும். 91 மி.மீ. பக்கச் சுவர் ஒரு குழியில் இறங்கினால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி உள்நூல் அறும். மறுநாள் அந்த இடம் கொப்புளம் போலப் புடைத்திருக்கும். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது. காற்றைக் குறைத்தால் குலுக்கல் குறையும் என்று சிலர் இரண்டு மூன்று புள்ளி இறக்கி ஓட்டுகிறார்கள். டயர் நசுங்குவது அதில்தான் அதிகம். காற்றழுத்தத்தைக் காலையில், கார் ஓடும் முன், ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். மதியம் ஓடிவந்து அளந்தால் சூட்டில் ஏறிய அளவைத்தான் காட்டும்.

கடைசியாகக் கடை. இவ்வளவு தாழ்ந்த பக்கச் சுவரைக் கடப்பாரை வைத்து நெம்பும் கடைக்குப் போகாதீர்கள். ரிம்மின் ஓரமும் போகும், உள்ளே இருக்கும் காற்றழுத்த உணரியும் போகும். கரேரா சக்கரத்தின் போல்ட்டுக்கு 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு, ஜிடி3-இன் நடுப்பூட்டுக்கு 600. இரண்டையும் டார்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். "கன்" வைத்து அடித்துவிட்டு "டைட்டா இருக்கு சார்" என்றால் ஏற்காதீர்கள். டயர் மாற்றியபின் காரின் திரையில் டயர் வகையையும் அளவையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்த எச்சரிக்கை சரியாக வேலை செய்யாது. முதல் 200 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். புது ரப்பரின் மேற்பூச்சு போனபிறகுதான் முழுப் பிடி வரும்.

கழற்றிய பழைய பின் டயர்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வரும் முன் அவற்றின் உள் ஓரத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். வெளி ஓரத்தில் பட்டன் இருந்து, உள் ஓரம் மட்டும் நூல் தெரியும்படி தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் சரிபார்க்காமல் காரை எடுக்காதீர்கள். அப்படியே எடுத்தால் புது ஜோடியும் அதே இடத்தில்தான் தேயும்.